உச்சியில் நின்ற எஞ்சின்

சத்தம் போட்டுச் சிரிக்கும் என் அன்பு மச்சான் சவரிமுத்துவுக்கு,

நலமா என்று உங்களைக் கேட்பது சரியா என்று சிறிது நேரம் யோசித்தேன். கேட்டுவிடுகிறேன். நலமா? கொட்டகலையில் மழை விட்டபாடில்லை. உங்கள் தங்கை தெரேசுக்கு முழங்காலில் வலி. நாக்குக்கு ஒரு குறையும் இல்லை.

"நம்ம மாப்ள தலைப்புப் போடாம தும்மக்கூட மாட்டாரு" என்று தேயிலை ஸ்டோரில் எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பீர்கள். நீங்கள் போன பிறகும் நான் மாறவில்லை. இந்தக் கடிதத்தில் எழுதப்போகிறவை:

1. நாம் செய்த சின்ன ரயில் எஞ்சின் இப்போது இருக்கும் நிலை.
2. உங்கள் மகள் பிலோமினா என்னிடம் கேட்டது.
3. நாம் பார்த்துச் செய்த அசல் எஞ்சின்களின் கதை.
4. நம் எஞ்சின் இனி ஓடாது. அதில் தீ மூட்டவும் கூடாது. அதற்கான காரணங்கள்.

எழுதி முடித்தால் கோயில் பத்திரிகைக்குக் கொடுக்கலாம் என்கிறாள் தெரேஸ். அதனால் உங்களுக்குத் தெரிந்ததையே உங்களுக்குச் சொல்லவேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது. எஞ்சின் என் அலுமாரியின் கீழ்த்தட்டில், நீங்கள் செய்த பெட்டிக்குள், உங்கள் பழைய கம்பளிக்கு நடுவே இருக்கிறது. அவ்வப்போது எடுத்துத் துடைத்து, எண்ணெய் பூசி, திரும்ப வைத்துவிடுவேன். வேறு எதுவும் செய்வதில்லை.

நான் பள்ளிக்கூடத்து வாத்தியார். நீங்கள் தேயிலை ஸ்டோரில் கொழுந்து அரைக்கும் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பிட்டர். அட்டன் ஸ்டேஷனில் அசல் எஞ்சின் தண்ணீர் பிடிக்கும் நேரத்தில் நான் நாடாவை நீட்டி அளப்பேன். அது ஒரு தடவை மூச்சுவிட்டால் நாடாவை விட்டுவிட்டு ஓடிவிடுவேன். நீங்கள்தான் எடுத்துக்கொண்டு வருவீர்கள். அடிக்கு அரை அங்குலம் என்று கணக்குப் போட்டு நான் வரைந்ததை, தோட்டத்துத் துரையிடம் கேட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்டோரின் கடைசல் இயந்திரத்தில் பித்தளையாக்கினீர்கள். பழைய பம்புக் குழாய் பொயிலரானது. தேயிலைப் பெட்டியைச் சுற்றி அடிக்கும் இரும்புப் பட்டியைக் குத்துவாட்டில் நிறுத்தித் தண்டவாளம் செய்தோம். முன்னாலும் பின்னாலும் இரண்டு எஞ்சின் ஒட்டியதுபோல இருக்குமே, அந்தக் கரட் எஞ்சினைத்தான் செய்யவேண்டும் என்று முதலில் நின்றீர்கள். "ஒண்ணு வெடிச்சா போதாதா?" என்று நான் கேட்டதும் சிரித்துக்கொண்டே விட்டுக்கொடுத்தீர்கள்.

ஓட்டிப் பார்த்த நாளை நினைக்க எனக்கு இன்றும் கூச்சமாக இருக்கிறது. பள்ளி மண்டபத்தின் சிமெண்டுத் தரையில் பலகைகளை வைத்து ஏற்றம், உச்சி, இறக்கம் என்று பாதை போட்டோம். மலைப்பாதையின் சரிவு நாற்பத்து நான்கு அடிக்கு ஓர் அடி. நம் பாதையிலும் அதுவே இருக்கவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவன் நான். பொயிலரில் நீங்கள் தண்ணீர் ஊற்றும்போது, "பாதி போதும் மச்சான். வெடிச்சாலும் பாதிதான் வெடிக்கும்" என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தீர்கள். "சரி மாப்ள, ஒங்க மனசுக்குப் பாதி" என்று குவளையைக் கீழே வைத்தீர்கள்.

ஏற்றத்தில் நன்றாகத்தான் ஏறியது. உச்சியைத் தாண்டி மூக்கைக் கீழே சாய்த்தது. உடனே அடியிலிருந்து 'உஸ்' என்று வெள்ளையாக நீராவி கிளம்பியது. நெருப்பு அணைந்தது. எஞ்சின் நின்றுவிட்டது.

ஸ்டோரில் தேயிலைப் பெட்டி அடிக்கும் பழனியாண்டி பின்னாலிருந்து, "என்ன பிட்டரய்யா, ஒங்க ரயிலு ஒண்ணுக்குப் போயிருச்சா?" என்றான். மண்டபம் முழுவதும் சிரித்தது. "அதுக்கு இது தேத்தண்ணி நேரம்டா" என்று நீங்களும் சேர்ந்து சிரித்தீர்கள். என்மீது ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சல் உங்கள் நெஞ்சில் இறங்கியது. எஞ்சினைப் பற்றி நாம் மறுபடி பேசவே இல்லை.

நீங்கள் போன பிறகு பெட்டியைத் திறந்தபோது, ஒரு மருந்து டப்பாவில் உருகிப்போன ஈயத்துண்டு ஒன்று கிடந்தது. பொயிலரின் ஈய ஒட்டு சூட்டில் விட்டுவிட்டது, இது அதிலிருந்து ஒழுகிய ஈயம் என்று முடிவு செய்தேன். மறுபடி தீ மூட்டினால் பிளந்துவிடும் என்று பெட்டியை மூடிவிட்டேன்.

இரண்டாவது. பிலோமினா போகிறாள் மச்சான். அவளுக்கும் உங்கள் மருமகனுக்கும் இந்த நாட்டுக் குடியுரிமை கிடைக்கவில்லை, இந்தியப் பாஸ்போர்ட்தான் வந்திருக்கிறது. இங்கே தங்கும் விசா இனி நீளாதாம். புதன்கிழமை ரயிலேறி, தலைமன்னார் போய், அங்கிருந்து கப்பல். போகப்போவது திருச்சிக்கு அந்தப் பக்கம் ஓர் ஊர். அவள் பிறந்தது இந்தத் தோட்டத்து லயத்து வீட்டில். அந்த ஊரின் பேரை மட்டும் நீங்கள் அவளுக்குச் சொல்லிவைத்திருக்கிறீர்கள்.

நேற்று, புகுந்த வீடான பூண்டுலோயாவிலிருந்து வந்தவள், தேத்தண்ணியைக்கூடத் தொடாமல் என் எதிரே உட்கார்ந்தாள்.

"மாமா, போறதுக்கு முன்னாடி அப்பாவோட எஞ்சின ஒருக்கா ஓட்டிக் காட்டுங்க. அன்னிக்கி மாமியாருக்குச் சொகமில்லன்னு நான் வரல. அது ஓடி நான் பாத்ததே இல்ல."

"பாப்போம் தாயி."

"அத்தை, மாமா பாப்போம்னா என்னா அர்த்தம்?"

"இல்லன்னு அர்த்தம்" என்றாள் தெரேஸ், அடுப்படியிலிருந்து.

பிலோமினா சிரிக்கவில்லை. "ஸ்டோர்ல இன்னமும் சொல்றாங்க மாமா. பிட்டரய்யா ரயிலு பாதி வழியில படுத்துக்கிச்சுன்னு. அதக் கேட்டுக்கிட்டேவா நான் கப்பலேறணும்? அப்பா கல்லறைய நான் தூக்கிட்டுப் போக முடியாது. அது ஓடுச்சுன்னு ஒரு நெனப்பையாவது கொண்டு போறேன்."

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு பதில் சொல்வதாகச் சொன்னேன். பதில் என் மனதில் ஏற்கெனவே இருந்தது. அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன் என்று நினைக்கிறேன்.

மூன்றாவது. நாம் அளந்தெடுத்த எஞ்சின்கள் இப்போது அருகிவருகின்றன. முன்னால் நான்கு சின்னச் சக்கரம், பின்னால் ஆறு பெரிய சக்கரம் என்று சீமையிலிருந்து வந்தவை. சிலவற்றுக்கு வெள்ளைக்கார ஆளுநர்களான தேசாதிபதிகளின் பெயர்களை வைத்திருந்தார்கள். தேசாதிபதிகள் கப்பலேறிப் போனார்கள். அவர்கள் பேர் தாங்கிய எஞ்சின்கள் நம் தேயிலையையும் அரிசியையும் இழுத்துக்கொண்டு இங்கேயே இருந்தன. கனடாவிலிருந்து டீசல் வந்த பிறகு ஒவ்வொன்றாக ஓரத்துத் தண்டவாளங்களுக்குப் போகின்றன. நானுஓயாவிலிருந்து கந்தப்பளை வழியாக ராகலைக்கு ஓடிய சின்ன ரயில் அதற்கு முன்பே நின்றுவிட்டது. தண்டவாளத்தையும் பெயர்த்தாயிற்று. அது போன வழியில் இப்போது தேயிலை நிற்கிறது. டீசல் நல்ல எஞ்சின் என்றுதான் சொல்கிறார்கள். நானும் மறுக்கவில்லை. ஆனால் அது ஏற்றத்தில் எவ்வளவு கஷ்டப்படுகிறது என்று வெளியே நிற்பவனுக்குத் தெரிவதில்லை.

அசலைப் பற்றி எழுதும்போது, அட்டனில் ஒரு டிரைவர் நம்மிடம் பேசியது நினைவுக்கு வந்தது. நான் பொயிலரைப் பார்த்துப் பயப்படுவதைக் கண்டு அவர் சொன்னார்:

"ஏறுறப்ப பயமில்ல வாத்தியாரய்யா. தண்ணி பின்னுக்குச் சாஞ்சு நெருப்புக்கு மேல நிக்கும். பட்டிப்பொலைக்கு அங்கிட்டு உச்சி தாண்டுறப்பதான் தண்ணி மட்டம் காட்டுற கண்ணாடியப் பாக்கணும். மூக்கு கீழ சாஞ்சதும் தண்ணி முன்னுக்கு ஓடிரும். தண்ணி கொறைவா இருந்தா நெருப்புக்கு மேல இருக்குற தகடு காஞ்சிரும்."

"காஞ்சா?" என்றேன்.

"தகட்டுல ஈயம் வச்ச திருகு ஒண்ணு இருக்கு. மொதல்ல அது உருகும். ஆவி எறங்கி நெருப்ப அணைச்சிரும். எஞ்சினக் காப்பாத்திரும். என் வேலையக் காப்பாத்தாது."

நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். அந்த வரியை எழுதிவிட்டு நான் பேனாவைக் கீழே வைத்தேன்.

உச்சி. குறைந்த தண்ணீர். மூக்கைக் கீழே சாய்த்ததும் 'உஸ்'.

எழுந்து போய் எஞ்சினை எடுத்து, கம்பளிமேல் கவிழ்த்து, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். நெருப்புக்கு மேலுள்ள தகட்டின் நடுவில் ஒரு சிறிய திருகு. நான் வரைந்த படத்தில் அப்படி ஒரு திருகு இல்லை மச்சான். நீங்களாக வைத்தது. உருகிய பழைய திருகைக் கழற்றி, அதன் ஈயத்தை மருந்து டப்பாவில் போட்டுவிட்டு, புதிதாக ஒன்றையும் நீங்களே பூட்டிவைத்திருந்தீர்கள். அதன் நடுவில் ஈயம் புத்தம் புதிதாக இருந்தது. ஒட்டு எங்கேயும் விடவில்லை. நீங்கள் போவதற்கு முன்பே எஞ்சின் ஓடத் தயாராக இருந்திருக்கிறது.

பாதித் தண்ணீர் போதாது என்று உங்களுக்கு அன்றைக்கே தெரியுமா? தெரிந்தும் என் மனசுக்காக ஊற்றாமல் விட்டீர்களா? அப்படி என்றால் அந்தச் சிரிப்பு? இதை யாரிடம் கேட்பேன்?

தெரேசிடம் சொன்னேன். "எங்கண்ணன் ஒங்களுக்குப் பக்கத்துல வெடிக்கிற சாமான வப்பாரா?" என்று மட்டும் கேட்டாள்.

இதற்குமேல் உள்ளதை ஞாயிறு மாலை எழுதுகிறேன்.

பொயிலர் நிறையத் தண்ணீர் ஊற்றி, ஒழுகுகிறதா என்று பார்க்க, பழைய பத்திரிகைத்தாளின்மேல் சனிக்கிழமை இரவு முழுவதும் வைத்திருந்தேன். காலையில் தாள் காய்ந்தே இருந்தது. அப்போதும் எனக்குத் தைரியம் வரவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். பூசை முடிந்து மண்டபத்தில் பாதை போட்டோம். பழனியாண்டியும் வந்து பலகை தூக்கினான். நான் இரண்டு வாளி மணல் கொண்டுவந்து வைத்தேன். பிலோமினாவைப் பிள்ளைகள் உட்காரும் வாங்குகளுக்குப் பின்னால் நிற்கச் சொன்னேன். தெரேஸ் செபமாலையை எடுத்தாள்.

"எஞ்சினுக்கா?" என்றேன்.

"ஒங்களுக்கு."

ஸ்பிரிட் விளக்கைப் பற்றவைக்கத் தள்ளி உட்கார்ந்து கையை நீட்டினால் நெருப்புக்குச்சி போய்ச் சேருமுன் அணைகிறது. இன்னொன்றும் அணைந்தது. பிலோமினா வாங்குக்குப் பின்னாலிருந்து வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டாள். "நீங்க கொளுத்துங்க மாமா. நான் காத்த மறைச்சுக்கிறேன்" என்று இரண்டு கையையும் குவித்துப் பிடித்தாள். உங்கள் கைதான் மச்சான், அந்தக் கட்டை விரல் அப்படியே. அடுத்த குச்சி பிடித்துக்கொண்டது.

தண்ணீர் நிறைய இருந்ததால் கொதிக்க அதிக நேரம் எடுத்தது. பிறகு சக்கரம் ஒரு முறை அசைந்தது, தயங்கியது, புறப்பட்டது. ஏற்றத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறியது. உச்சி நெருங்கியதும் நான் கண்களை மூடிக்கொண்டேன். அதனால் அது உச்சியைத் தாண்டியதை நான் பார்க்கவில்லை. இத்தனை காலத்துக்குப் பிறகு அதைக்கூடப் பார்க்கவில்லை. பிலோமினாதான் பார்த்தாள். அதுவே சரி என்று இப்போது தோன்றுகிறது.

கண்ணைத் திறந்தபோது எஞ்சின் இறக்கத்தில் போய்க்கொண்டிருந்தது. பாதையின் முடிவில் பழனியாண்டி அதைப் பிடித்து நிறுத்தி, சூடு தாங்காமல் விரலை உதறினான். "பிட்டரய்யா இருந்தா இப்ப எனக்கு ஒரு தேத்தண்ணி வாங்கிக் குடுத்திருப்பாரு" என்றான். விரலை ஊதிக்கொண்டே, "ஓடுச்சுன்னு நாளைக்கு ஸ்டோர்ல நானே சொல்லிர்றேன்" என்றான்.

பெட்டியில் வைத்து எஞ்சினை பிலோமினாவிடம் நீட்டினேன். அவள் வாங்கிக்கொள்ளவில்லை.

"அங்க மலையே இல்லன்னு சொல்றாங்க மாமா. இத எங்க ஓட்டுறது? இங்கயே இருக்கட்டும்."

மருந்து டப்பாவிலிருந்த ஈயத்துண்டைக் காட்டி, அது என்ன என்பதை மட்டும் சொன்னேன். அதை எடுத்துச் சேலை முந்தானையில் முடிந்துகொண்டாள். சுங்கத்தில் யாரும் அதைக் கேட்கமாட்டார்கள் என்று நம்புகிறேன்.

இன்றைக்குப் புதன்கிழமை. கொட்டகலை ஸ்டேஷனில் அவர்களை ஏற்றிவிட்டோம். வந்தது டீசல். பிலோமினா முந்தானை முடிச்சைக் கையில் பிடித்தபடியே ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். ரயில் வளைவில் மறைந்த பிறகும் தெரேஸ் வெகுநேரம் நடைமேடையிலேயே நின்றாள். வீட்டுக்கு வரும் வழியில், "வந்ததும் எஞ்சினுக்கு எண்ணெ போடுங்க" என்று மட்டும் சொன்னாள்.

போட்டுவிட்டேன். ஒவ்வொரு வருடமும் உங்கள் நினைவுப் பூசை முடிந்ததும் மண்டபத்தில் பாதை போட்டு, பொயிலர் நிறையத் தண்ணீர் ஊற்றி, நானே தீ மூட்டுவேன். அடுத்த தடவை உச்சியில் கண்ணை மூடமாட்டேன். ஓடியதும் பிலோமினாவுக்கு எழுதிப்போடுவேன். பழனியாண்டிக்குத் தேத்தண்ணியும் உண்டு.

கடிதத்தை மறுபடி படித்துப் பார்த்தேன். மேலே போட்ட தலைப்புகளில் நான்காவதற்கு நான் ஒரு வரியும் எழுதவில்லை. அடித்துவிடலாம் என்று பேனாவை எடுத்தேன். நீங்கள் பார்த்துச் சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அந்த நான்காவது தவறு மச்சான்.

உங்கள் தங்கையைக் கட்டிய,
தண்ணீர் குறைவாக ஊற்றச் சொன்ன,
உங்கள் மாப்பிள்ளை