முன் சீட் மட்டும் புதுசு

அன்புள்ள குட்டியின் அம்மாவுக்கு,

இங்கே நான் நலம். நீயும் நம் குட்டியும் பேத்தியும் நலமாக இருக்க வேண்டும். மருமகனையும் விசாரித்ததாகச் சொல். விட்டுவிட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்.

ஒரு சங்கதி. காரை விற்கப் போகிறேன். சிரிக்காதே, நிஜமாகத்தான். "மாரிஸ் மைனர், குடும்பக் கார், ஒரே கையில் இருந்தது, ஒரு கீறல் கிடையாது" என்று பேப்பரில் விளம்பரமே வந்துவிட்டது. உன் சக்களத்தி வீட்டை விட்டுக் கிளம்புகிறாள் என்றால் நீ சந்தோஷப்படுவாய் என்றுதான் கொடுத்தேன். கொடுத்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாசலில் ஹாரன் சத்தம் கேட்டால் ஓடுகிறேன், பார்த்தால் பால் வண்டி. இந்தக் கடிதத்தையே எழுந்து எழுந்து போய்விட்டு வந்துதான் எழுதுகிறேன்.

வந்தவர்களைப் பற்றிக் கேட்காதே. ஒருவர் ஹோட்டல் வாசலில் அழகுக்கு நிறுத்தப் போகிறாராம். இன்ஜினைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் பூந்தொட்டி வைப்பாராம். குடிக்கத் தண்ணீர்கூடக் கொடுக்காமல் அனுப்பினேன். இன்னொருவர், சிவப்புப் பெயிண்ட் அடித்தால் எடுப்பாக இருக்கும் என்றார். உங்க மூஞ்சியில அடிச்சுக்குங்க என்று சொல்ல வந்ததை விழுங்கிவிட்டேன்.

நேற்று ஒரு பல் டாக்டர் மனைவியோடு வந்தார். நல்ல மனிதர். பானட்டைத் திறந்து, சொத்தை இருக்கிறதா என்று தேடுவதுபோலவே குனிந்து பார்த்தார். சாவியைத் திருப்பியதும் இன்ஜின் முணுமுணுக்காமல் கிளம்பியது, எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்த அம்மா முன்னால் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். சீட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது மட்டும் புதுசா இருக்கே, மாத்திட்டீங்களா?" என்று கேட்டார். எதையும் மாற்றவில்லை, எல்லாம் காரோடு வந்ததுதான் என்று அடித்துச் சொன்னேன். "அப்ப இதுல யாருமே உக்காரலையா?" என்றார். திரும்பிப் பார்த்தேன். பின் சீட்டில் நீ உட்காரும் இடம் குழி விழுந்து கிடக்கிறது.

குட்டி கைக்குழந்தையாக இருந்தபோது பின்னால் உட்கார்ந்தாய், சரி. பிறகு அவள் தூங்கி விழுவாள் என்று உட்கார்ந்தாய், அதுவும் சரி. அவள் கல்யாணமாகிப் போன பிறகும் ஏன் பின்னாலேயே ஏறினாய்? முன் சீட்டில் என் ஆபீஸ் பை இருக்கும். ரிட்டயரான பிறகு குடையும் துடைக்கிற துணியும். நீ எடுக்கச் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை. இத்தனை வருஷமும் கண்ணாடியில் உன் கண்ணையும் நெற்றியையும் மட்டும் பார்த்துப் பேசிக்கொண்டே வண்டி ஓட்டியிருக்கிறேன். நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

டாக்டருக்குக் கார் பிடித்துவிட்டது. சனிக்கிழமை வந்து எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். தலையை ஆட்டிவிட்டேன். அவர் தெரு முனை திரும்புவதற்குள் பின்னாலேயே ஓடிப்போய், வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுச் சொல்கிறேன் என்றேன். "வீட்ல வேற யாரும் இருக்கற மாதிரி தெரியலையே சார்" என்றார்.

பிரசவத்துக்கு என்று போனாய். பேத்தி இப்போது நடக்கிறாளாம். டிக்கெட்டை மறுபடி தள்ளிப் போட்டிருப்பதாகக் குட்டி போனில் சொன்னாள். எதுவரை என்று அவளிடம் கேட்க வாய் வரவில்லை. பெற்ற பெண்ணோடு போட்டி போடுகிற வயசா எனக்கு?

பேத்தி நோய்நொடி இல்லாமல் வளரட்டும். அவளுக்கு என் முத்தம்.

காரை விற்பதும் வைத்துக்கொள்வதும் உன் இஷ்டம். போனாலும் ஒரு மாதத்தில் பழகிவிடும். என் பயம் அதில்லை. நீ போனதிலிருந்து கட்டிலில் என் ஓரத்தில்தான் படுத்து வந்தேன். இன்று காலை கண் விழித்துப் பார்த்தால், நட்ட நடுவில் கையைக் காலைப் பரப்பிப் படுத்திருக்கிறேன். நன்றாகத் தூங்கியும் இருக்கிறேன். எனக்கு முழுசாகப் பழகிவிடுவதற்குள் வந்துவிடு.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்