இடப்பக்கம் மேலே

மழை பிடித்தால் அலமாரிக்குள்ளிருந்து அந்த மணம் வருகிறது. நனைந்த வைக்கோலும் கரியும் கலந்த மணம். எத்தனை முறை துவைத்தும் உன் கிமோனோவை விட்டு அது போகவில்லை. இன்று காலையும் வந்தது. அதனால் எழுதுகிறேன், மச்சான்.

இங்கே ஜெர்மனியில், டோர்ட்மண்டில் சாமுராய்ப் படம் எடுக்கப் போகிறார்கள் என்று நான் சொன்னபோது நீ நம்பவில்லை. கைவிட்ட சுரங்கத்தின் கரிக்கழிவு மலைதான் போர்க்களம். ஜப்பானிலிருந்து அத்தனை பேரையும் கொண்டுவர அவர்களிடம் வசதியில்லை. முகமூடி போட்டால் யாரென்று தெரியாது என்று நம் கோயில் மண்டபத்துக்கே ஆள் தேடி வந்தார்கள். நாடக அரங்கில் உடை தைக்கும் நான் உடுத்திவிடும் வேலையில் சேர்ந்தேன். நீ Urlaub எடுத்துக்கொண்டு படத்தில் சாக வந்தாய். வேலைக்கு விடுப்பு எடுத்துச் சாகிறவன் உலகத்தில் நீ ஒருத்தன்தான் என்று உன்னைக் கேலி செய்தேன்.

உடைப் பொறுப்பிலிருந்த ஜப்பானிய அம்மா முதல்நாளே சொல்லித்தந்தார். கிமோனோவில் இடப்பக்கம் மேலே வரவேண்டும். வலப்பக்கம் மேலே வந்தால் அது பிணத்துக்கு. நம் ஆட்களுக்கு அது சிரமமாக இல்லை. வேட்டி கட்டிய கை தானாகவே சரியாகப் போனது. சிக்கல் வந்தது கடைசிக் காட்சிக்கு. செத்த வீரர்கள் பனிமூட்டத்தில் வரிசையாக நடந்து போகவேண்டும், எல்லோரும் மாற்றிக் கட்டவேண்டும். ஒத்திகையில் ஒருத்தருக்கும் கை வரவில்லை. நீ முயலவே இல்லை.

"செத்தாலும் என்ர கை அப்பிடிப் போகாது" என்றாய். எல்லோரும் சிரித்தோம்.

அந்தக் கடைசிக் காட்சி எடுத்த நாள் விடியற்காலை உனக்காகக் கிமோனோவை ஆணியில் மாட்டிவைத்துக் காத்திருந்தேன். நீ வரவில்லை. மற்றவர்களுக்கு ஒவ்வொருவராக என் கையாலேயே வலப்பக்கத்தை மேலே கொண்டுவந்து கட்டினேன். பனி கலைவதற்குள் எடுத்து முடித்தார்கள். அதன் பிறகுதான் தொலைபேசி வந்தது. வாசலில் சப்பாத்துப் போடக் குனிந்த நீ அப்படியே விழுந்துவிட்டாயாம். இதயம்.

செத்தவீட்டுக் காரியங்கள் முடிந்து நான் படப்பிடிப்பு இடத்துக்குத் திரும்பிப் போனபோது கிமோனோ அதே ஆணியில் தொங்கியது. அதன் கீழ் ஓரத்தில் கரிச்சேறு ஈரமாக ஒட்டியிருந்தது. யாராவது உடுத்தினீர்களா என்று விசாரித்தேன். இல்லை என்றார்கள். அதைக் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

படம் போன மாதம் வந்தது. உன் மனைவி என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். அவளுக்கு ஒரே ஆசைதான். "அண்ணை, எது அவர் எண்டு காட்டுங்கோ. ஒருக்காப் பாத்தாப் போதும்." நீ முன்பே நடித்து முடித்திருந்த சண்டைக் காட்சிகளில் நான் தேடித் தேடிப் பார்த்தேன். எல்லாம் முகமூடி. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை, பொய் சொல்லவும் மனம் வரவில்லை.

கடைசிக் காட்சி வந்தது. பனிக்குள் வைக்கோல் தொப்பிகள் வரிசையாகப் போயின. எல்லோருடைய மார்பிலும் வலப்பக்கம் மேலே. கடைசியாக இன்னொருவர் வந்தார். உன்னைப் போலவே இடது தோளைக் கொஞ்சம் சரித்த நடை. மார்பில் இடப்பக்கம் மேலே இருந்தது.

அவள் என் கையைத் தட்டினாள். "அந்தக் கடைசி ஆள், அவர்தானே?"

அது எந்த நாள் எடுத்த காட்சி என்று அவளுக்குத் தெரியாது.

"ஓம், தங்கச்சி" என்றேன். பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை.

திரும்பி வரும்போது ரயிலில் அவள் அழுதாள், பிறகு சிரித்தாள். அன்று காலையும் வழக்கம்போல "போட்டு வாறன்" என்று, திரும்பி வருவதாகச் சொல்லிவிட்டுத்தான் நீ சப்பாத்தை எடுத்தாயாம்.

கிமோனோவைத் தகனத்தில் சேர்த்திருக்கலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். அலமாரியில் தொங்கவிட்டிருக்கிறேன், இடப்பக்கத்தை மேலே மடித்து. வாறன் என்று சொன்னவன் நீ.