பள்ளிக்குப் போகும் இஞ்ச் டேப்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. எல்லோரும் சுகம் என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் இந்த வாரம் அப்படி எழுதினால் அது பச்சைப் பொய். என் இடது கையில் நான்கு தையல், உன் அம்மா என்னோடு பேசி நான்கு நாளாகிறது, உன் மகள் வாண்டின் முதுகில் நான் அடித்த தடம் இன்னும் மறையவில்லை. நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறீர்களா? போனில் சொன்னால் நீ அழுவாய், நான் பாதியில் வைத்துவிடுவேன், அதனால்தான் கடிதம். நிதானமாக உட்கார்ந்து படி.

திங்கட்கிழமை பள்ளி திறந்தது. அந்த வாரம் நம் தையல் கடை எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும், தலை சொறிய நேரமிருக்காது, பாதிப் பிள்ளைகளின் சீருடை என் மேசைமேல்தான் கிடக்கும். விடுமுறை இரண்டு மாதமும் வாண்டு தங்கமாகத்தான் இருந்தாள். அன்று காலை உன் அம்மா பையை மாட்டிவிட்டதுதான் தாமதம், யுத்தம் ஆரம்பமாகிவிட்டது. கதவு நிலையைக் கட்டிக்கொண்டாள், இழுத்த என் மணிக்கட்டைக் கடித்தாள், வயிற்றில் உதைத்தாள், என் கண்ணாடியைப் பிடுங்கித் தரையில் போட்டு மிதித்தாள். ஏழு வயதுக் குழந்தைக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ. தூக்கிக்கொண்டு போய் வகுப்பில் விட்டுவிட்டு வந்தேன். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, வாசலுக்கு ஓடியவளைப் பிடித்து நிறுத்திய, கூடப் படிக்கும் பெண்ணின் தலையில் தண்ணீர்ப் பாட்டிலால் ஓங்கி அடித்து மண்டையை உடைத்துவிட்டாள். அந்தப் பெண்ணின் அப்பா லாரி ஓட்டுபவர், கடைக்கே வந்து என் சட்டையைப் பிடித்து உலுக்கினார். நானே தைத்த சட்டை, காலர் பிய்ந்து அவர் கையோடு போய்விட்டது, வாடிக்கையாளர்கள் முன்னால் என் தொழில் மானமும் கூடவே போனது. அவரும் பெற்ற பிள்ளையின் ரத்தத்தைப் பார்த்துவிட்டு வந்தவர், நான் என்ன சொல்ல.

செவ்வாய்க்கிழமை நான் குளித்துவிட்டு வருவதற்குள் வாண்டு கடைக்குள் புகுந்து பெரிய கத்திரியை எடுத்திருக்கிறாள். முதலில் தன் சீருடை, பிறகு தைத்து மாட்டியிருந்த பதினோரு பேருடையது, எல்லாவற்றையும் கண்டபடி வெட்டிப் போட்டு நடுவில் உட்கார்ந்திருந்தாள். கத்திரியைப் பிடுங்கப் போனேன், விடமாட்டேன் என்று இழுத்தாள், என் உள்ளங்கை கிழிந்து வெள்ளைத் துணியெல்லாம் ரத்தம். உன்னைக்கூட நான் ஒரு நாளும் கை நீட்டி அடித்ததில்லை. அன்று துணி அளக்கும் மரக்கோலை எடுத்து, அது முறியும்வரை அடித்தேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது. உன் அம்மா குறுக்கே விழுந்தாள், அவள் தோளிலும் பட்டது. குழந்தை அழவேயில்லை. என்னை நிமிர்ந்து பார்த்து, "அடி தாத்தா, எவ்ளோ வேணா அடி. நான் ஸ்கூலுக்குப் போனா அம்மா மாதிரி நீயும் போயிடுவ" என்றாள்.

உனக்குப் புரிகிறதா? பரீட்சையின் கடைசி நாள், அவள் பள்ளியில் இருக்கும்போதுதானே மாப்பிள்ளை வேலை பார்க்கும் ஊருக்கு உன்னை வண்டி ஏற்றினோம். பார்த்தால் குழந்தை அழும், உனக்கும் போக மனசு வராது என்று அந்த யோசனையைச் சொன்னது நான்தான். நீ மாட்டேன் என்றாய், உன் வாயை அடைத்ததும் நான்தான். அன்று சாயங்காலம் அவள் சமையலறை, குளியலறை, துணி அலமாரிக்குள்கூடத் தேடினாள். மறுநாள் எழுந்து விளையாடினாள், மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். எவ்வளவு பெரிய முட்டாள் நான்.

புதன்கிழமை அவளிடம் மன்னிப்புக் கேட்டேன், என்ன செய்தால் என்னை நம்புவாய் என்றும் கேட்டேன். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, என் கழுத்தில் கிடந்த இஞ்ச் டேப்பை உருவித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். அது இல்லாமல் நான் எங்கேயும் போகமாட்டேனாம். வகுப்பு ஆசிரியை நல்லவர், விவரம் சொன்னதும் டேப் பையிலேயே இருக்கட்டும் என்றுவிட்டார். இப்போது நாலு மணிவரை நான் நூலில் முடிச்சுப் போட்டுத்தான் அளவெடுக்கிறேன், வருகிறவர்கள் சிரிக்கிறார்கள், புதிதாக ஒன்று வாங்கக்கூடாதா என்கிறார்கள். வாங்கினால் அது இன்னொரு ஏமாற்று வேலை. வியாழனும் வெள்ளியும் வழியெல்லாம் கல்லை உதைத்துக்கொண்டு, என்னைத் திட்டிக்கொண்டு, ஆனாலும் நடந்தே போனாள். சாயங்காலம் ஓடி வந்ததும் முதல் காரியமாக என் வயிற்றில் ஓங்கி ஒரு குத்து. நான் இருக்கிறேனா என்று பார்க்கிறாள் போலிருக்கிறது. வலிக்கத்தான் செய்கிறது, வாங்கிக்கொள்கிறேன்.

இந்தக் கடிதம் கிடைத்த பிறகு ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது சீக்கிரம் வந்துவிடுவேன் என்று மழுப்பாதே. எந்த மாதம் வருவாய், எத்தனை நாள் இருப்பாய் என்று அவளிடமே சொல். அடுத்த முறை கிளம்பும்போது அவள் வீட்டில் இருக்கும் நாளாகப் பார்த்துக் கிளம்பு. கடிப்பாள், தலைமுடியைப் பிடித்து இழுப்பாள், உன் பெட்டியைத் தெருவில் போட்டு உடைத்தாலும் உடைப்பாள். உடைக்கட்டும். அவள் கண் முன்னால் போ. அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன், உன்னிடம்தான் இன்னும் கேட்கவில்லை. அன்று உன்னை வாசலில் நின்று அழக்கூட விடவில்லை, என்னை மன்னித்துவிடு அம்மா.

நீங்கள் இருவரும் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போனை மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அப்பா