சாயாத விளக்குகள்

இன்று காலை கடைக்குப் புது மாதிரி வெளிவிளக்கு ஒன்று வந்தது. அட்டைப்பெட்டியைப் பிரித்ததுமே அந்த ரப்பர் வாசனை வந்துவிட்டது. மழைத்தண்ணீர் உள்ளே இறங்காமலிருக்கக் கண்ணாடியைச் சுற்றி ஒரு வளையம் வைப்பார்களே, அதன் வாசனை. உனக்கு அது பிடிக்கும். "புதுச் செருப்பு மாதிரி மணக்குதுடி" என்று மூக்கைக் கிட்டே கொண்டுபோவாய். பெட்டியை அப்படியே மேசையில் வைத்துவிட்டு உள்ளறையில் வந்து உட்கார்ந்திருக்கிறேன். ஏகாம்பரத்தை நான் என்ன செய்தேன் என்பதை நீ என் வாயாலேயே கேட்க வேண்டும். செய்தபோது எனக்கு அது எவ்வளவு இனித்தது என்பதையும் மறைக்கப் போவதில்லை.

பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிகல் வகுப்பில் பெண்கள் நாம் இரண்டு பேர்தான். ஒரே பெஞ்சு, ஒரே டிபன் பாக்ஸ், பையன்களின் கேலியிலும் ஆளுக்குப் பாதி. பிறகு நான் மேற்குத் தாம்பரம் மார்க்கெட் பக்கம் விளக்குக் கடை போட்டேன். நீ மாடம்பாக்கம் போகிற சாலையில் ஏகாம்பரத்தின் வணிக வளாகத்தில் சூப்பர்வைசராகச் சேர்ந்தாய். அவருடைய அப்பா நெல் விளைத்த நிலத்தில் அவர் நான்கு மாடி எழுப்பியிருந்தார். கீழே மருந்துக் கடை, பேக்கரி, ஏடிஎம். மேலே டியூஷன் சென்டர், பல் டாக்டர். அந்தச் சாலையின் வியாபாரிகள் சங்கத்துக்கும் அவர்தான் தலைவர். என் கடைக்கு முதல் பெரிய ஆர்டரை அங்கிருந்து வாங்கிக் கொடுத்தது நீ. முன்வாசல், பார்க்கிங், அடித்தளத்திலிருந்து வண்டிகள் ஏறி வரும் சரிவு, எல்லாவற்றுக்கும் எல்இடி விளக்குகள்.

நான் நான்கு மாதிரிகள் கொண்டுவந்தேன். மற்றவர்கள் என்றால் எது அதிக வெளிச்சம் என்று கேட்பார்கள். எது சாயும் என்று நீ கேட்டாய். பொழுது இறங்கியதும் ஒவ்வொன்றாகக் கம்பத்தில் மாட்டச் சொல்லி, ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு ஸ்கூட்டியில் அடித்தளத்துக்குப் போய்ச் சரிவில் ஏறி வந்தாய். எத்தனை தடவை என்று நான் எண்ணவில்லை. பாதிச் சரிவில் நின்று, "கீழ சாய்டி. இன்னும் கொஞ்சம். இப்ப ஓகே" என்று கத்துவாய், ஏணியில் நின்று நான் சாய்ப்பேன். பிறகு என்னை ஸ்கூட்டியில் உட்காரவைத்துவிட்டு நீ ஏணியில் ஏறினாய். "லைட்டு தரையைப் பார்க்கணும்டி, ஆளைப் பார்க்கக் கூடாது" என்றாய்.

இன்று ஏடிஎம் இருக்கிற இடத்தில் நாளை ஜூஸ் கடை வரும், நாற்காலிகளை வெளியே போடுவார்கள், அப்போது விளக்கைத் திருப்ப முடிய வேண்டும் என்றாய். பின்வீட்டு ஜன்னலில் ஒரு பெண் பிளஸ் டூவுக்குப் படிக்கிறாள், அவள் அறைக்குள் நம் வெளிச்சம் போய் விழ வேண்டாம் என்றாய். கூட்டம் குறைந்தால் வெளிச்சத்தைப் பாதியாக்கும் வசதியும் கேட்டாய். டிகிரி டிகிரியாகக் கோணம் மாற்றி, போல்ட்டை முடுக்கினால் காற்றுக்கும் அசையாத மாதிரி ஒன்றைத் தேர்ந்தெடுத்தாய். அதுதான் ஏன் வேண்டும் என்று ஒரு பக்கம் எழுதி முதலாளியிடம் கொடுத்தாய்.

அவர் படித்துவிட்டுச் சிரித்தார். "இன்னாம்மா, லைட்டுக்குக் கழுத்து வச்சு ஆட்டிகினு இருக்கப் போறியா? ரோட்ல போறவனுக்குக் கண்ணு கூசணும். கூசுனாத்தான் திரும்பிப் பாப்பான்." என் பக்கம் திரும்பி, "இருக்கிறதுலயே பவரானது குடு. அசையாம வெல்டு வச்சிடு" என்றார். உன் தாளின் குறுக்கே பச்சை மையில் 'தேவையில்லை, ஃபிக்ஸட் போதும்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். வெளியே வந்ததும் ஆபீஸ் ஃபோனில் அதைப் படமெடுத்து எனக்கு அனுப்பினாய். "பச்சை இங்க் கலெக்டரைப் பாரு" என்று கீழே எழுதியிருந்தாய். சிரித்தோம். அவர் கேட்ட விளக்குகளை நான் கொடுத்தேன்.

ஐப்பசி மழையில் ஒரு மாலை, டியூஷன் விடுகிற நேரம். மகளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு சரிவில் வந்த ஒருவருக்கு ஈரத் தரையும் விளக்கும் சேர்ந்து ஒரே வெள்ளையாகத் தெரிந்திருக்கிறது. குடையோடு நின்ற வாட்ச்மேன் பெருமாள் அண்ணனை அவர் பார்க்கவே இல்லை. வண்டி மோதி அண்ணனுக்கு இடுப்பெலும்பு உடைந்தது.

இரண்டு நாள் கழித்துச் சங்கக் கூட்டம். விளக்கு கொடுத்தவள் என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். யார் இந்த விளக்கைப் போட்டது என்று கடைக்காரர்கள் கொதித்தார்கள். ஏகாம்பரம் குரலை உயர்த்தவே இல்லை. "லைட்டெல்லாம் சூப்பர்வைசரம்மாதான் பாத்து செலக்ட் பண்ணுச்சு. நமக்கு இன்னா தெரியும் அதெல்லாம்."

நீ எழுந்தாய். "சார், நான் எழுதிக் குடுத்தேன். நீங்கதான் வேணாம்னு சைன் பண்ணீங்க."

"எங்க, காட்டு."

ஃபைலில் அந்தத் தாள் இல்லை. ஆபீஸ் ஃபோனை அன்று காலையிலேயே அவர் வாங்கி வைத்துக்கொண்டிருந்தார். நீ திரும்பி என்னைப் பார்த்தாய். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த நான் தரை டைல்ஸைப் பார்த்தேன்.

சாயங்காலம் கூப்பிட்டாய். "உனக்கு அந்த போட்டோ அனுப்பினேன்ல, இருக்காடி?"

"ஃபோன் மாத்தினதுல எல்லாம் போயிடுச்சுடி" என்றேன்.

போகவில்லை. என் கையிலேயே இருந்தது. கடை ஆரம்பித்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அந்தச் சாலையில் எந்தக் கடையில் விளக்கு மாட்டினாலும் ஏகாம்பரம் ஒரு வார்த்தை சொன்னால்தான் எனக்கு வரும். இதைக் காரணமாகச் சொல்லவில்லை. நடந்தது அதுதான்.

உன்னை வேலையை விட்டு நிறுத்தினார்கள். ராஜகீழ்ப்பாக்கத்திலும் சேலையூரிலும் எந்த வளாகத்திலும் உன்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை, எல்லாரும் ஏகாம்பரத்தையே விசாரித்தார்கள். நீ அந்த நிலையிலும் பெருமாள் அண்ணனைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனாய். என் கடைக்கும் வந்தாய். "விடுடி. பேசிப் பேசி என்ன ஆகப்போகுது" என்றாய். அடுத்த மழைக்காலத்தில் டெங்கு வந்து ஆறே நாளில் போய்விட்டாய். உன்னைக் கொன்றது கொசு. அந்தப் பழியை ஏகாம்பரத்தின் மேல் போட எனக்கு எவ்வளவோ ஆசை, ஆனால் போட முடியாது. கெட்ட பெயரோடு போனாயே, அது அவர் செய்தது.

துக்கத்துக்கு அவர் மாலையோடு வந்தார். வாசலில் பந்தல் நாற்காலியில் உட்கார்ந்து பக்கத்தில் இருந்தவரிடம், "நல்ல பொண்ணு. கவனம்தான் கொஞ்சம் கம்மி" என்றார். தண்ணீர் பாட்டிலோடு நான் பின்னால் நின்றிருந்தேன். அந்த மனிதரைத் தரையில் தேய்க்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்தது அந்த இடத்தில்தான்.

ஒரு வருஷத்துக்கு மேல் காத்திருந்தேன். காட்டாங்குளத்தூர் பக்கம் அவர் இரண்டாவது வளாகம் கட்டினார். கீழ்த்தளம் முழுவதையும் ஒரு சூப்பர் மார்க்கெட் கம்பெனி எடுத்தது. அவர்களுடைய வேறு கடைகளுக்கு வெளிவிளக்கு தேர்ந்தெடுத்துக் கொடுப்பது நான்தான் என்பது அவருக்குத் தெரியாது. நான் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் உள்ளே வருவோம் என்று கம்பெனி சொல்லிவிட்டது. திறப்பு விழாவுக்குப் பத்திரிகை அடித்துவிட்டு என் எதிரில் வந்து நின்றார். "நம்ம தாம்பரத்துப் பொண்ணுதானா? அப்ப கவலையே இல்ல" என்றார்.

முதல் முறை பார்க்கப் போன மாலை அவரையே அவருடைய காரில் டிரைவர் சீட்டில் உட்காரவைத்து, அடித்தளத்திலிருந்து ஏறி வரச் சொன்னேன். மறுபடியும் அதே அசையாத விளக்குகள்தான் போட்டிருந்தார். பாதிச் சரிவில் காரை நிறுத்திவிட்டுக் கையால் கண்ணை மறைத்துக்கொண்டார்.

"கூசுதா சார்?"

"கூசுதும்மா."

"கூசுனாத்தானே திரும்பிப் பார்ப்பாங்க?"

விளங்காமல் என்னைப் பார்த்தார். தான் சொன்னது அவருக்கு நினைவே இல்லை. அதில்தான் எனக்கு இன்னும் எரிந்தது. எல்லாவற்றையும் கழற்றச் சொன்னேன்.

இரண்டாம் முறை சாயும் விளக்குகள் மாட்டியிருந்தார். ஒரு கம்பை நீட்டித் தட்டினேன், தலை தொங்கிவிட்டது. போல்ட்டு பிடிக்கவில்லை, காற்றுக்கு நிற்காது, மாற்றுங்கள் என்றேன். மூன்றாம் முறை சரிவில் நான்கு வாளித் தண்ணீர் ஊற்றச் சொன்னேன். ஈரத்தில் வெளிச்சம் எகிறியது. குறைக்கும் வசதி இல்லை, அதையும் சேருங்கள் என்றேன். மூன்றும் உண்மையான குறைகள், ஒன்றையும் நான் இட்டுக்கட்டவில்லை. ஆனால் எப்படிப்பட்ட விளக்கு வேண்டும் என்று முதல் நாளே மொத்தமாகச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒவ்வொரு முறையும் ஆட்கள் ஏணி ஏறி இறங்க, அவர் வேர்த்துக்கொண்டு கீழே நிற்பதைப் பார்க்க வேண்டியிருந்தது. விழா இரண்டு தடவை தள்ளிப்போனது.

நான்காம் முறை எல்லாம் சரியாக இருந்தது. சரிவில் நானே வண்டி ஓட்டிப் பார்த்தேன், கண்ணில் ஒன்றும் அடிக்கவில்லை. நீ மாட்டியிருந்தாலும் அப்படித்தான் இருந்திருக்கும். அவருடைய ஆபீஸ் அறையில் உட்கார்ந்து, கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், பெரிதாகப் பிரிண்ட் எடுத்து வைத்திருந்த அந்தப் படத்தை மேசைமேல் வைத்தேன். அவருடைய பச்சைக் கையெழுத்து பளிச்சென்று இருந்தது.

"சாயுற லைட்டு வேணும்னு அவ கேட்டா, நீங்க மறுத்தீங்க. கவனக்குறைவு அவளுது இல்ல, உங்களுதுன்னு எழுதுங்க. சங்கக் கூட்டத்துல நீங்களே படிங்க. அப்புறம் நான் சைன் பண்றேன்."

"இத்த நான் கம்பெனில சொன்னா இன்னா ஆவும் தெரியுமா?"

"சொல்லுங்க சார். நானும் இதைக் காட்டறேன்."

எனக்கு அந்த அதிகாரம் கிடையாது, தெரிந்தேதான் கேட்டேன். அவர் வெகுநேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "இது உங்கையில எப்பலேர்ந்து கீது?"

"அவ அனுப்புன அன்னைலேர்ந்து."

"மீட்டிங்குல நீயும்தானேம்மா குந்திகினு இருந்த?"

நான் ஒரு வெள்ளைத் தாளை அவர் முன்னால் வைத்தேன். பேனாவை எடுத்து எழுதினார்.

சங்கக் கூட்டத்தில் நான்கு வரியையும் அவர் நின்று படித்தார். நான் முதல் வரிசையில் உட்கார்ந்து அவர் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஒரு மனிதர் எல்லாருக்கும் முன்னால் சிறுத்துப்போவதைப் பார்க்க இவ்வளவு சுகமா என்று எனக்கே தோன்றியது. பெருமாள் அண்ணனை ஆட்டோ வைத்து அழைத்து வந்திருந்தேன். அவர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு சொன்னார்: "அந்தம்மா தெனம் ஆஸ்பத்திரிக்கி வந்து எங்கிட்ட மன்னிப்பு கேட்டுகினு இருந்துச்சு. அது எதுக்குக் கேட்டுச்சு, பாவம்." ஏகாம்பரம் அடுத்த சங்கத் தேர்தலில் நிற்கவில்லை. சாலையில் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அவர் மேல் எனக்கு இன்றுவரை இரக்கம் வரவில்லை, வரும் என்றும் தோன்றவில்லை.

அவர் எழுதிப் படித்த தாளை எடுத்துக்கொண்டு கேம்ப் ரோட்டில் உன் வீட்டுக்குப் போனேன். உன் கணவர் பள்ளிக்கூடத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். வாசலில் நின்றபடியே இரண்டு தடவை படித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் எதுவும் கேட்கவில்லை. ஆனால் அந்த அறையில் ஏகாம்பரம் கேட்ட பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. படம் என்னிடம்தான் இருந்தது, உன்னிடம் பொய் சொன்னேன் என்று சொல்லிவிட்டேன்.

அவர் தாளை மடித்தார். "கடைசி வரைக்கும் அவ அந்த போட்டோவைத் தேடிட்டிருந்தா" என்றார். "வீட்ல கெடந்த பழைய ஃபோன், மெமரி கார்டு எதுலயாவது காப்பி ஆகியிருக்குமான்னு எல்லாத்தையும் மொபைல் கடையில குடுத்துப் பார்த்தா. ஜுரம் வர்றதுக்கு முன்னாடி வாரம்கூடப் போனா." தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "இதுக்கு தேங்க்ஸ்ம்மா. இனிமே நீங்க இங்க வர வேணாம்."

கேட்டைச் சத்தமில்லாமல் சாத்தினார்.

நீ விடவே இல்லை என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. என் கடையில் உட்கார்ந்து 'விடுடி' என்றாயே, அன்று மாலையை அதற்குப் பிறகு நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். இரண்டு டம்ளர் டீ. நடுவில் என் ஃபோன். பேசிக்கொண்டே நீ அதை ஒரு விரலால் மெல்ல என் பக்கம் நகர்த்தினாய். டீ சிந்திவிடும் என்று நகர்த்தினாய் என்றுதான் அப்போது நினைத்தேன். பிறகு என் முகத்தைப் பார்த்தாய். கொஞ்ச நேரம் பார்த்தாய். நான் சூப்பர்வைசர் வேலை எங்கோ காலி இருக்கிறது என்று எதையோ பேசினேன். நீ டீயைக் குடித்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு, மழை வரும்போல இருக்கு, கடையைச் சீக்கிரம் சாத்து என்று சொல்லிவிட்டுப் போனாய்.