கொண்டு வர முடியாத கம்ப்யூட்டர்

ஸ்ரீ:

சின்ன காஞ்சிபுரம்
18.6.2003

சௌபாக்யவதி ஸுபத்ராவுக்கு,

அம்மாவின் ஆசீர்வாதம். நீயும் மாப்பிள்ளை வசிஷ்டும் சௌக்கியமா என்று ஞாயிற்றுக்கிழமை போனிலேயே கேட்டுவிட்டதால், அந்த வரியை இங்கே மிச்சம் பிடிக்கிறேன்.

இந்த விஷயத்தைப் போனில் சொன்னால் "அம்மா, உனக்கு என்ன ஆச்சு?" என்பாய். பின்னாலிருந்து மாப்பிள்ளை சிரிப்பது கேட்கும். அதனால்தான் கடிதம். எனக்கு ஒரு கம்ப்யூட்டர் வேண்டும். ஈமெயில் பார்க்க இல்லை. கார் ஓட்ட.

உனக்கு ஈமெயில் அனுப்பலாம் என்றுதான் ரங்கசாமி குளத்துப் பக்கம் உதயகுமார் வைத்திருக்கும் பிரவுசிங் சென்டருக்குப் போக ஆரம்பித்தேன். ஒரு நாள் நெட் வரவில்லை. "சும்மா குந்திக்கினு இருக்கறதுக்கு இத்த ஓட்டிப் பாருங்க மாமி" என்று ஒரு கார் ரேஸைப் போட்டுக் கொடுத்தார். மலைப்பாதை, மழை, சேறு. முதல் நாள் மரத்தில் மோதினேன், பாறையில் மோதினேன், வேடிக்கை பார்க்க நின்றவர்கள் மேலேயே காரை ஏற்றினேன். இப்போது அந்த சென்டரில் என்னை முந்த ஆளில்லை. காலேஜ் பையன்கள் நான் வந்தால் ஸ்டியரிங் இருக்கும் சீட்டை விட்டு எழுந்துவிடுகிறார்கள். உன் அப்பாவின் ஸ்கூட்டரில் காலமெல்லாம் பின்னால் உட்கார்ந்து "மெதுவா, மெதுவா" என்று முதுகைத் தட்டிக்கொண்டிருந்தவளும் நான்தான். நினைத்தால் சிரிப்பாக வருகிறது.

அங்கே மெஷின் பழசு. வளைவில் வேகம் எடுத்தால் படம் திக்கித் திக்கி வருகிறது. எனக்கென்று ஒன்று வாங்கினால் உசத்தியாக வாங்க வேண்டும் என்று தீர்மானம் பண்ணிவிட்டேன். பாகம் பாகமாக வாங்கிச் சேர்க்கலாம் என்கிறார் உதயகுமார். நீ அங்கே கம்ப்யூட்டர் போர்டு டெஸ்ட் பண்ணும் வேலையில்தானே இருக்கிறாய்? ப்ராசஸர் எது, மெமரி எவ்வளவு, கிராபிக்ஸ் கார்டு எது என்று எழுது. எனக்கு ஃபேமிலி பென்ஷன் வருகிறது, செலவைப் பற்றி நீ வாயைத் திறக்காதே.

அம்மா,
ரமாமணி


ஆஸ்டின்
3.7.2003

அன்புள்ள அம்மா,

உன் கடிதத்தை ஆபீஸுக்குக் கொண்டுபோய் எல்லோருக்கும் இங்கிலீஷில் சொன்னேன். எங்கள் டீமில் ஒருத்தன் உன்னோடு ரேஸ் விட வேண்டும் என்று குதிக்கிறான்.

கேட்டதற்குப் பதில். பென்டியம் 4-இல் மூன்று கிகாஹெர்ட்ஸ் எடு. மெமரியை ஒரே பெரிய துண்டாக வாங்காதே, ஒரே மாதிரி இரண்டாக வாங்கு. வளையல் மாதிரி, ஜோடியாகப் போட்டால்தான் அழகு, வேகமும் அப்போதுதான். காசை எதில் குறைத்தாலும் கார்டில் மட்டும் குறைக்காதே, உன் மலையும் மழையும் அதில்தான் இருக்கிறது. ரேடியான் 9800 கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு எடு.

ஆனால் இத்தனையும் எதற்கு அம்மா? நான் ஒரு லேப்டாப் வாங்கித் தருகிறேன். கேம் ஓடுகிற மாதிரியே இப்போது வந்துவிட்டது. ஃப்ளைட்டில் மடியில் வைத்துக்கொண்டு வந்துவிடலாம்.

ஏன் வர வேண்டும் என்கிறாயா? எனக்கு நாலாவது மாதம். டிசம்பர் கடைசியில் தேதி கொடுத்திருக்கிறார்கள். போன தடவை மாதிரி ஆகிவிடுமோ என்று பயந்து போனில் வாயைத் திறக்கவில்லை. இன்றைக்கு ஸ்கேனில் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார்கள். வீட்டுக்கு வந்ததும் முதலில் உனக்குத்தான் எழுதுகிறேன்.

நவம்பரில் வா. வந்தால் திரும்பிப் போக வேண்டாம். எனக்கு சிட்டிசன்ஷிப் வந்தாயிற்று, உனக்கு கிரீன் கார்டுக்கு மனுப் போடலாம். அப்பாவும் போன பிறகு அந்த வீட்டில் தனியாக என்ன செய்கிறாய்? அதை விற்றுவிடு. கீழே உனக்கு ஒரு ரூம் ஒழித்துவிட்டோம். ஜன்னலைத் திறந்தால் பெரிய ஓக் மரம்.

உன்,
ஸுபா


ஸ்ரீ:

சின்ன காஞ்சிபுரம்
16.7.2003

என் கண்ணே ஸுபா,

கடிதத்தைக் கையில் பிடித்தபடியே கோவிலுக்குப் போனேன். தாயார் சன்னதியில் நின்று அழுதேன். பட்டர் பதறிப்போய் "என்ன மாமி, என்ன?" என்றார். நாலு பேர் காதில் விழ இப்போதே சொல்லக் கூடாதென்று "ஒன்றுமில்லை, கார் ரேஸில் ஜெயித்துவிட்டேன்" என்றேன். அவர் இன்னும் என்னை ஒரு மாதிரிதான் பார்க்கிறார்.

வேளைக்குச் சாப்பிடு. மாத்திரையை மறக்காதே. கனமாக எதையும் தூக்காதே. நவம்பரில் கட்டாயம் வருகிறேன். பிரசவத்துக்கு நான் இல்லாமல் வேறு யார் இருப்பார்கள்?

லேப்டாப் வேண்டாம்மா. சென்டரில் ஒன்றைத் தொட்டுப் பார்த்தேன், தோசைக்கல் மாதிரி சுடுகிறது. நாளைக்கு நல்ல கார்டு வந்தால் அதில் மாற்றவும் முடியாதாம். நான் ஃபுல் டவர் கேபினட் சொல்லிவிட்டேன், என் இடுப்புக்குக் கொஞ்சம் கீழே வரைக்கும் வரும். மானிட்டர் பத்தொன்பது இன்ச், தூக்க இரண்டு ஆள் வேண்டும். அப்பா படுத்திருந்த ரூமில் வைக்கப் போகிறேன். அங்கே தனி லைன் இழுத்து எர்த் போட்டாயிற்று. ஸ்டியரிங்கைத் திருகி மாட்ட ஒரு தேக்கு மேஜையும் ஆசாரியிடம் சொல்லியிருக்கிறேன்.

சென்னை ரிச்சி தெருவில் நீ சொன்ன ப்ராசஸர் கிடைத்துவிட்டது. கார்டுக்குச் சொல்லி வைத்திருக்கிறது. வீட்டு விஷயம் நேரில் பேசிக்கொள்ளலாம்.

அம்மா


ஆஸ்டின்
4.8.2003

அம்மா,

உன் கடிதத்தை வசிஷ்ட் சிரித்துக்கொண்டே படித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தனி லைன், எர்த், தேக்கு மேஜை, இரண்டு ஆள் தூக்கும் மானிட்டர். நவம்பரில் வீட்டைப் பூட்டிவிட்டு வரப்போகிறவள் செய்கிற காரியமா இது? நேரில் பேசலாம் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? அப்பாவிடம் முடியாது என்று சொல்ல வேண்டிய போதெல்லாம் "அப்புறம் பேசலாம்" என்பாய்.

இரண்டு வருஷம் முன்னால் அந்தக் குழந்தை தங்காமல் போனபோது நான் ஆஸ்பத்திரியில் தனியாகக் கிடந்தேன். வசிஷ்ட் டூரிலிருந்து வந்து சேர மறுநாள் ஆயிற்று. நீ அப்பாவை விட்டு வர முடியாது என்றாய். சரி என்றேன். இந்த இரண்டு வருஷத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை உன்னிடம் குறை சொன்னேனா? இப்போது யாரை விட்டு வர முடியாது? ஒரு கம்ப்யூட்டரையா?

எனக்குப் பயமாக இருக்கிறது அம்மா. குழந்தை பிறந்த பிறகும் நீ என்னோடு இருக்க வேண்டும். இருப்பாயா, மாட்டாயா? கார்டு, மெமரி எதுவும் எழுதாதே. இதற்கு மட்டும் பதில் எழுது.

ஸுபத்ரா


ஸ்ரீ:

சின்ன காஞ்சிபுரம்
20.8.2003

ஸுபா,

நீ கேட்டது நியாயம். நீ ஆஸ்பத்திரியில் கிடந்தாயே, அன்றைக்கு உன் பக்கத்தில் இருந்திருக்க வேண்டியவள் நான்.

நீ நேராகக் கேட்டாய், நானும் நேராகவே சொல்கிறேன். வருவேன். மூன்று மாதம் இருப்பேன். குழந்தையைக் குளிப்பாட்டுகிறேன், உனக்குப் பத்தியத் தளிகை பண்ணுகிறேன், ராத்திரி நீ தூங்கு, குழந்தையை நான் பார்த்துக்கொள்கிறேன். அதற்குப் பிறகு இங்கே வந்துவிடுவேன். வீட்டை விற்க மாட்டேன்.

கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தபோது உன் அப்பாவின் அம்மா படுக்கையில் இருந்தார். அவர் போனார், நீ பிறந்தாய். நீ படித்து அமெரிக்கா போனாய், அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. குழாயில் கஞ்சி, புரட்டிப் படுக்க வைப்பது, துணி மாற்றுவது. முகம் சுளித்துச் செய்யவில்லை. அவரிடம் எனக்குப் பிரியம் உண்டு, அது உனக்கும் தெரியும். ஆனால் அவர் காரியமெல்லாம் முடிந்து நீங்களும் கிளம்பிப் போன பிறகு, ஒரு மத்தியானம் அசந்து தூங்கிவிட்டேன். எழுந்தபோது நாலு மணிக்கு மேல். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. யாருக்கும் என்னிடம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. எனக்கு சந்தோஷமாக இருந்தது ஸுபா. அழக்கூட இல்லை, சந்தோஷமாகத்தான் இருந்தது. இதை யாரிடமும் சொன்னதில்லை.

உன் வீட்டுக்கு வந்து தங்கிவிட்டால் நீ என்னை வேலை வாங்க மாட்டாய், தெரியும். ஆனால் என்னைப் பற்றி எனக்குத் தெரியும். குழந்தை சிணுங்கினால் எழுந்து ஓடுவேன். நீ களைத்து வந்தால் அடுப்பைப் பற்ற வைப்பேன். யாரும் சொல்லாமலே என் நாள் முழுக்கப் போய்விடும். எனக்கு ஐம்பத்தேழு வயசு. மிச்சம் இருக்கிற நாளில் கொஞ்சம் எனக்கு வேண்டும். அதில் கார் ஓட்டுகிறேனோ சும்மா உட்கார்ந்திருக்கிறேனோ, அது என் இஷ்டம்.

டிக்கெட் எடுக்கும்போது போக வர எடு. வர மட்டும் எடுத்தாயானால் நான் கிளம்ப மாட்டேன்.

அம்மா


ஸ்ரீ:

சின்ன காஞ்சிபுரம்
8.10.2003

ஸுபா,

உன்னிடமிருந்து பதில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளைதான் போனை எடுக்கிறார். குளிக்கிறாள் என்கிறார். ஒன்றரை மாதமாகக் குளித்துக்கொண்டேதான் இருக்கிறாயா? ஜலதோஷம் பிடிக்கப் போகிறது. குழந்தை உதைக்கிறதாம், அதையும் அவர்தான் சொன்னார்.

உன் கோபத்தைப் போக்க எனக்கு வழி தெரியவில்லை. எழுதியதை வாபஸ் வாங்கவும் மாட்டேன். ஆனால் ஒரு சிக்கல், அதைக் கேட்க உன்னை விட்டால் ஆளில்லை.

பாகங்கள் எல்லாம் வந்து சேர்ந்தன, நீ சொன்ன கார்டு உட்பட. சரஸ்வதி பூஜைக்கு அட்டைப் பெட்டிகளைப் பிரித்து, ஒவ்வொன்றாக மணையில் பரப்பிப் பூஜை பண்ணினேன். மறுநாள் விஜயதசமி, நல்ல நேரம் பார்த்து உதயகுமார் வந்து மாட்டினார். முதலில் ஜோராக ஓடுகிறது. இலை இலையாக மரம் தெரிகிறது, கண்ணாடியில் மழைத்துளி வழிகிறது. கொஞ்ச நேரத்தில் என் கார் மாட்டுவண்டி ஆகிவிடுகிறது. அணைத்து ஆறவிட்டுப் போட்டால் மறுபடி அதே கதை.

உதயகுமார் மெமரியைக் கழற்றிப் போட்டார், கார்டை மாற்றிப் பார்த்தார், விண்டோஸை அழித்துத் திரும்ப ஏற்றினார். "எல்லாத்தையும் பாத்துட்டேன் மாமி. இன்னா கோளாறுன்னே புரியல. ஊட்ல கூட இதே நெனப்பாவே இருக்குது" என்று தலையைச் சொறிகிறார். பாவம், அவர் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது.

கோபம் இருந்தால் இருக்கட்டும். இதற்கு மட்டும் இரண்டு வரி எழுது.

அம்மா


ஆஸ்டின்
22.10.2003

அம்மா,

சந்தனம் வைத்தாயா?

நீ பதில் எழுத வேண்டாம், எனக்குத் தெரியும். நம் வீட்டில் ஃப்ரிட்ஜ், இஸ்திரிப் பெட்டி, என் ப்ளஸ் டூ கால்குலேட்டர், எதை விட்டிருக்கிறாய்? சரியாக நடுவில் ஒரு பொட்டு, அதன்மேல் குங்குமம். ப்ராசஸரைப் பிரித்ததும் மேலே பளபளவென்று சதுரமாக ஒரு வெள்ளித் தகடு தெரிந்திருக்கும். அதைவிட வாகான இடம் உனக்குக் கிடைத்திருக்காது. உதயகுமாரும் பார்த்திருப்பார். மாமி வைத்த பொட்டை அழிக்க மனசு வராமல் அதன்மேலேயே ஃபேனை வைத்து அழுத்தியிருப்பார்.

அந்தத் தகடும் ஃபேனுக்கு அடியில் இருக்கிற அலுமினியமும் ஒன்றோடு ஒன்று ஒட்டி உட்கார வேண்டும். அப்போதுதான் சூடு வெளியே போகும். நடுவில் காய்ந்த சந்தனம் கட்டையாக நிற்கிறது. சூடு ஏறினால் கருகாமல் இருக்க ப்ராசஸர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். உன் மாட்டுவண்டி அதுதான். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கச் சொல். தெர்மல் பேஸ்ட் என்று ரிச்சி தெருவில் கேட்டால் கொடுப்பார்கள், அதை ஒரு அரிசி அளவு வைத்து ஃபேனை மாட்டினால் போதும். பொட்டு வேண்டுமென்றால் கேபினட் மேல் வை. அதுதான் உன் இடுப்பு உயரம் இருக்கிறதே.

உன் ஆகஸ்ட் கடிதத்துக்குப் பதில் எழுதி எழுதிக் கிழித்தேன். நாலு மணிக்கு எழுந்து சந்தோஷமாக இருந்ததாக எழுதியிருந்தாயே, அதைப் படித்துவிட்டு ரொம்ப நாள் உன்மேல் ஆத்திரமாக இருந்தது. இன்னும் முழுசாகப் போகவில்லை. என்னை வேண்டாம் என்று சொல்வதாகத்தான் எனக்குப் பட்டது.

முந்தாநாள் உன் கடிதத்தை ஆபீஸில் வைத்துப் பிரித்தேன். மணையில் பரப்பிப் பூஜை பண்ணினேன் என்ற இடத்துக்கு வந்ததும் அந்தப் பொட்டு அப்படியே கண்ணில் தெரிந்தது. வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சிரித்து முடித்த பிறகு அழுகை வந்தது. ஒரு மெஷின் நின்று நின்று ஓடுகிறது என்று நீ எழுதினால், எங்கே கை வைத்திருப்பாய் என்று இங்கே உட்கார்ந்தபடி என்னால் சொல்ல முடிகிறது. அப்பா படுத்திருந்த காலம் முழுக்க வாரா வாரம் உன்னோடு பேசினேன். நீ அவ்வளவு களைத்துப் போயிருந்தது எனக்கு எப்படித் தெரியாமல் போயிற்று அம்மா? ஒரு தடவைகூட நான் கேட்கவில்லையே.

டிக்கெட் போட்டாயிற்று. நவம்பர் 26 ராத்திரி கிளம்புகிறாய். "திரும்பும் தேதி என்ன போடட்டும்?" என்று வசிஷ்ட் கேட்டார். என் முகத்தைப் பார்க்காமல் கீபோர்டைப் பார்த்துக்கொண்டுதான் கேட்டார். பிப்ரவரி 25 என்று நான்தான் சொன்னேன்.

உன்,
ஸுபா