அளத்தின் தலையில் எழுதியது

மரக்காணம்
14-3-2006

அன்புள்ள மாமாவுக்கு,

இந்த அர்த்தராத்திரியில் எழுதுவதற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள். போனில் பேசினால் பாதியில் சண்டையாகிவிடுகிறது. பாப்பா இப்போதுதான் தூங்கினாள். மூச்சில் இழுப்பு இருக்கிறதா என்று காது வைத்துக் கேட்டுவிட்டு வந்தேன்.

பக்கத்து அளத்து ஆதிமூலம் வந்திருந்தார். நம் உப்பளக் குத்தகையை அவரே எடுத்துக்கொள்கிறாராம், இருபதாயிரம் தருகிறாராம். அதற்கு முன் கணக்கை முடிக்கச் சொன்னீர்களே, சுலோசனா அக்கா மகளின் பிளஸ் டூ கணக்குப்பதிவியல் புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நான் பிளஸ் டூவில் படித்த வரலாற்றுப் பாடத்தில் இப்படி ஒன்று இல்லை. ஓரிடத்திலிருந்து போனது இன்னோரிடத்தில் வந்து சேர்ந்தே ஆக வேண்டுமாம். பெற்ற இடத்தில் பற்று, கொடுத்த இடத்தில் வரவு. ஒரே தொகையை இரண்டு இடத்திலும் எழுத வேண்டும். கடைசியில் இரண்டு பக்கமும் சமமாக வர வேண்டும்.

எனக்கு நூறு ரூபாய் இடித்தது. தேடினால், உப்புக் குவியலை மூட ஓலைக் கீற்று வாங்கியதை ஒரு பக்கம் மட்டும் எழுதியிருக்கிறேன். மறுபக்கமும் எழுதியதும் சமமாகிவிட்டது. உடம்பு சிலிர்த்துவிட்டது மாமா.

இன்னொன்று. தொழில் வேறு, முதலாளி வேறாம். நீங்கள் போட்ட முதலீட்டைக்கூட உங்களுக்குத் தர வேண்டியதாக அளம் எழுதிவைக்க வேண்டுமாம். அப்படியானால் நீங்கள் அளத்துக் கணக்கு எழுதிவைத்த நோட்டில் இருக்கும் பால் மாவு, ஆஸ்பத்திரி எல்லாம் யார் கணக்கு?

உங்கள் மனைவி
பூவிழி

சென்னை
20-3-2006

பூவிழி,

எல்லாம் ஒரே பெட்டிதானே, எந்தப் பக்கம் எழுதினா என்ன? போனது போனதுதான். போன வருஷம் ஏழாயிரம் நஷ்டம், அது போதாதா? ‘எங்க அளத்துக்கு ஆடிட்டர் வந்துட்டாங்கப்பா’ன்னு ரூமுல சொல்லிச் சிரிச்சேன். துபாய் ஏஜெண்டுக்கு ஏப்ரல் பத்துக்குள்ள பணம் கட்டணும். ஆதிமூலத்துகிட்ட வாங்கி அனுப்பு. பாப்பாவுக்கு என் சட்டை ஒண்ணைப் போர்த்து, வாசனை மறந்துடப் போவுது.

தங்கராசு

மரக்காணம்
27-3-2006

அன்புள்ள மாமாவுக்கு,

சட்டையைப் போர்த்தியிருக்கிறேன். காலரைச் சப்பிக்கொண்டே தூங்குகிறாள்.

போனது போனதுதான் என்று எழுதியிருந்தீர்கள். போய் எங்கே சேர்ந்தது என்றுதான் இந்தக் கணக்கு கேட்கிறது. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரி, மருந்து, பஸ், பால் மாவு, இதையெல்லாம் செலவு என்று அளத்தின் தலையில் எழுதியிருக்கிறீர்கள். அதற்குப் பெயர் எடுப்பு. முதலாளி தன் வீட்டுக்கு எடுத்துக்கொண்டது. பதினெட்டாயிரம். அதை அதன் இடத்தில் வைத்தால், போன வருஷம் அளத்துக்குப் பதினோராயிரம் லாபம். நம்பாமல் மூன்று தரம் கூட்டினேன்.

ஆதிமூலத்திடம் சொன்னேன். அவர் சிரிக்கக்கூட இல்லை. “நல்லா வெளையிற அளம்மா அது. இல்லாட்டி நான் ஏன் கேக்கப் போறேன்?” என்றார்.

காலையில் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு போய் வரப்பில் நின்றேன். போன வருஷம் அவள் இழுத்த ஒவ்வொரு மூச்சுக்கும் அந்த வெள்ளைக் குவியல் காசு கொடுத்திருக்கிறது. அளம் நஷ்டப்படவில்லை மாமா. நமக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது.

இனியும் இழுப்பு வரும், எடுப்பும் இருக்கும். பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் தாங்கும் என்று கணக்கு சொல்கிறது. நீங்கள் துபாய்க்குப் போக வேண்டாம்.

ஆதிமூலத்திடம் பணம் வாங்கவில்லை. நீங்கள் சொல்லாமல் நானாக ‘மாட்டேன்’ என்றும் சொல்லிவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மறுபடி வருகிறார். அதற்குள் பதில் போடுங்கள்.

பூவிழி