பஸ்ஸில் பொட்டோடு இருக்கும் பெரியம்மா

அன்புள்ள கவிதா அக்கா,

நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்.

நம் கதை தேர்வாகிவிட்டது. ஆசிய நாடுகளில் யுத்தத்தோடு வளர்ந்த பிள்ளைகளைப் பற்றிக் கொழும்பில் ஒரு சிறுவர் தொகுப்புப் போடுகிறார்கள், அதில். உன் பெயர் முதலில், என் பெயர் அடுத்ததாக. ஆனால் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. ஆத்திரம்தான் வருகிறது.

நான் இப்போது உட்கார்ந்து எழுதும் இதே பதுளை நூலகத்தில் நாம் இருவரும் யுத்தக் கதைகளாகத் தேடித் தேடி வாசித்தோமே, ஞாபகமிருக்கிறதா? ஜப்பான் சிறுமி, வியட்நாம் பையன் எல்லோரும் வந்தார்கள். "எல்லா ஊர்ப் புள்ளைங்களும் இருக்கு. நம்ம தேயிலைத் தோட்டத்துப் புள்ளைங்க எங்கடி?" என்று நீதான் கேட்டாய். அன்று மாலையே உன் அம்மாவைப் பிடித்துக்கொண்டோம்.

பெரியம்மா சிரித்துக்கொண்டேதான் சொன்னார். யுத்த காலத்தில், ஆமிக்காரர் ஏறிச் சோதிக்கும் மொனராகலை பஸ்ஸில் ஏறுமுன் முந்தானையால் பொட்டை அழித்துவிடுவாராம். இறங்கும்வரை வாய் திறக்கமாட்டாராம். திறந்தால் தமிழ் வந்துவிடுமே! தோட்டத்து லய வீட்டுக்குத் திரும்பியதும் முதல் வேலையாகப் பொட்டு வைத்துக்கொள்வாராம். அதைத்தான் கதையாக்கினோம். காய்ச்சலில் படுத்தபடி கடைசிப் பத்தியை நீ சொன்னாய், நான் எழுதினேன். அந்தக் காய்ச்சலிலிருந்து நீ எழுந்திருக்கவே இல்லை.

கதைக்கு வரைந்த படம் நேற்று வந்தது. பஸ்ஸில் அம்மா, பக்கத்தில் மகள், எதிரே ஆமிக்காரர். அம்மா நெற்றியில் காசளவு சிவப்புப் பொட்டு! கதையை வாசிக்காமலா வரைந்தார்கள்?

தொகுப்பாசிரியருக்கு உடனே போன் எடுத்தேன்.

"பொட்டு இல்லாட்டி தமிழ் அம்மான்னு வாசிக்கிற பிள்ளைகளுக்கு எப்படி விளங்கும், தங்கச்சி?"

"ஆமிக்காரங்களுக்கு விளங்கக்கூடாதுன்னுதானே, சேர், அழிச்சாங்க?"

அவர் சிரித்தார். "நல்லாப் பேசுறீங்களே! ஆனா இனி வேற படம் வரைய நேரமில்லை. விருப்பமில்லாட்டி கதையை எடுத்துடலாம். நாளைக்குள்ள சொல்லுங்க."

எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டார்! உன் பெயர் அச்சில் வர இருப்பது இந்த ஒரு கதையில்தானே, அக்கா?

பெரியம்மாவிடம் படத்தைக் காட்டினேன். அவரும் என்னோடு சேர்ந்து கோபப்படுவார் என்று நினைத்தேன். படத்திலிருந்த நெற்றியை விரலால் தடவிப் பார்த்தார்.

"நல்லாத்தானே இருக்கு. வுட்டுரு."

"பொய்ங்க பெரியம்மா இது! நீங்க அழிச்சீங்கல்ல?"

"அன்னைக்கு உசுருக்குப் பயந்து அழிச்சேன். இப்ப படத்துக்காகவும் அழிக்கணுமாடி?"

நீயாக இருந்தால் அவருக்கு என்ன சொல்லியிருப்பாய்?

அவர் சொல்வதும் சரி, நான் சொல்வதும் சரி என்றால் என்னதான் செய்வது? இன்று முழுக்க யோசித்துவிட்டு, சற்று முன் தொகுப்பாசிரியருக்கு எழுதி அனுப்பிவிட்டேன்: 'படமே வேண்டாம். எழுத்தை மட்டும் போடுங்கள். முடியாதென்றால் கதையைத் திருப்பித் தந்துவிடுங்கள்.' பதில் இன்னும் வரவில்லை. கதை திரும்பி வந்தால் என்மேல் கோபிப்பாயா?

கோபித்தாலும் ஒரு வாக்குத் தருகிறேன். பெரியம்மாவை இன்னொரு தடவை பொட்டு அழிக்கவைக்க மாட்டேன். உன் பெயரைப் பொய்யான படத்துக்குக் கீழே போடவும் விடமாட்டேன். இவர்கள் போடாவிட்டால் போடுகிறவர்களைத் தேடிப் போவேன்.

உன் சித்தப்பா மகள்,
தங்கச்சி யாழினி

நூலகத்தில் மூடும் நேரம். விளக்குகளை அணைக்கத் தொடங்கிவிட்டார்கள்.